உழுத நாள் கணக்கில் சேராது: எல்லைப்புறக் குடிப்படைக்காரரின் பென்ஷன் மனு

1832-ஆம் ஆண்டு இலையுதிர் காலம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு சின்ன மாவட்ட நீதிமன்றம். 72 வயதுக் கிழவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு நீதிபதி முன் நிற்கிறார். அவர் மீது வழக்கு எதுவும் இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பு தான் துப்பாக்கி தூக்கிய நாட்களை மாதக் கணக்காகச் சொல்ல வந்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுவார். எழுதி முடித்ததும் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் பெருக்கல் குறி போல ஒரு கீறல். வாஷிங்டனில் இருக்கும் போர்த் துறை அதை ஒப்புக்கொண்டால் ஆண்டுக்கு 26 டாலர் 66 சென்ட் வந்து சேரும். ஒப்புக்கொள்ளாவிட்டால் வந்த வழியே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இந்தக் கிழவர் நானாக உருவாக்கிக்கொண்ட ஆள். விளக்கத்துக்கு வசதியாக இருக்கட்டுமே என்று ஒரு வாழ்க்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அவர் நிற்கும் நீதிமன்றமும், அவரிடம் கேட்கப்படும் கேள்விகளும், அவரைத் தடுக்கும் விதிகளும் உண்மை. அவரைப் போன்ற ஆயிரக்கணக்கான கிழவர்கள் அந்த ஓரிரு ஆண்டுகளில் இப்படி நீதிமன்றப் படியேறினார்கள். அவர்கள் சொன்னதெல்லாம் வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது.

அந்த மனு எப்படி வேலை செய்தது, எல்லைப்புறத்தில் போரிட்டவருக்கு மட்டும் அது ஏன் அவ்வளவு சிக்கலாக இருந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். சிக்கலுக்குக் காரணம் ஒன்றுதான். 'படைவீரன்' என்று சட்டம் மனதில் வைத்திருந்த ஆள் வேறு, எல்லையில் உண்மையில் காவல் நின்ற ஆள் வேறு.

குடிப்படை என்பது யார்?

1775 முதல் 1783 வரை நடந்த அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டனை எதிர்த்து நின்றவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையில் இருந்த கான்டினென்டல் படை. இதில் சேருபவர் ஆண்டுக் கணக்கில் ஒப்பந்தம் போட்டுச் சேர்வார். பதிவேட்டில் பெயர் ஏறும், சம்பளம் பேசப்படும், முடிவில் விடுவிப்புச் சீட்டு தரப்படும். நாம் 'ராணுவம்' என்றதும் நினைப்பது இதைத்தான்.

இரண்டாம் வகை மிலிஷியா. தமிழில் குடிப்படை என்று சொல்லலாம். ஊரில் இருக்கிற ஆண்களே ஆபத்து வரும்போது திரண்டு படையாவது. போர்க்காலத்து வர்ஜீனியாவில் 16 முதல் 50 வயது வரை உள்ள சுதந்திர ஆண்கள் எல்லோரும் சட்டப்படி இதில் அடக்கம். தேவை வந்தால் ஊர்க் கேப்டன் ஆள் எடுப்பார். இரண்டு மாதம், மூன்று மாதம் என்று ஒரு தவணை. தவணை முடிந்ததும் அவரவர் வீடு, அவரவர் வயல். சிலர் தாமாக முன்வந்தார்கள், சிலர் முறை வந்ததால் போனார்கள். முறை வந்தும் போக முடியாதவர் தனக்குப் பதில் இன்னொருவரை அனுப்பலாம். அப்பாவுக்கு வந்த அழைப்புக்கு மகன் போவது சர்வ சாதாரணம்.

அப்பலாச்சியன் மலைத்தொடருக்குக் கிழக்கே இருந்த பழைய ஊர்களில் இந்த ஏற்பாடு ஓரளவு ஒழுங்காக நடந்தது. மலையைத் தாண்டி மேற்கே போனால் நிலைமை வேறு. அங்கே வெள்ளைக் குடியேற்றமே புதிது. மலைக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசர் 1763-இல் பிறப்பித்த ஆணையை மதிக்காமல் போனவர்கள் அவர்கள். அது செரோக்கி, ஷாவ்னி போன்ற பூர்வகுடிகளின் வேட்டை நிலம். அந்த மக்களில் பலர் போரின்போது பிரிட்டனோடு சேர்ந்துகொண்டதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. நம் கிழவர் மனுவில் இதெல்லாம் வராது. அவருக்கு அவர்கள் 'எதிரி' மட்டுமே. இந்த ஆவணங்களைப் படிக்கும்போது அந்த மறுபக்கத்தை நாமாகத்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லைப்புறத்துக் 'கோட்டை' என்றதும் செஞ்சியையோ வேலூரையோ கற்பனை செய்துவிடாதீர்கள். முழு மரங்களைக் கூர் சீவி நெருக்கமாக நட்ட வேலி, அதன் உட்பக்கத்தில் ஒட்டி ஒட்டிச் சில மர வீடுகள், மூலைகளில் துப்பாக்கி நீட்டத் துளை வைத்த அறைகள். அவ்வளவுதான். கென்டக்கியில் ஹாரட்ஸ்பர்க், பூன்ஸ்பரோ எல்லாம் இப்படிப்பட்டவைதான். கோடை முழுவதும் சுற்று வட்டாரக் குடும்பங்கள் ஆடு மாடுகளோடு உள்ளே அடைந்து கிடக்கும். காலையில் ஆண்களில் பாதிப் பேர் சோளக் கொல்லைக்குப் போவார்கள். மீதிப் பேர் துப்பாக்கியோடு கொல்லையின் ஓரத்தில் நிற்பார்கள். மதியம் ஆள் மாறும். 1778 செப்டம்பரில் பூன்ஸ்பரோ முற்றுகையிடப்பட்டபோது அதைக் காத்து நின்றதும் இப்படிப்பட்ட உழவர்களே.

இன்னொரு வேலையும் இருந்தது. மனுக்களில் 'ஸ்பை' என்ற சொல் அடிக்கடி வரும். நாம் நினைக்கிற மாறுவேட ஒற்றர் இல்லை இவர். இரண்டு இரண்டு பேராக மலை முகடுகளிலும் ஆற்றுத் துறைகளிலும் நடந்து, புதிய காலடித் தடம் தெரிகிறதா, நெருப்பு மூட்டிய சாம்பல் கிடக்கிறதா என்று பார்த்து வந்து சொல்பவர். வேவுக்காரர் என்பதே பொருத்தம். பனி உருகும் காலத்தில் தொடங்கினால் மறுபடி பனி விழும்வரை இந்த நடை ஓயாது.

56 ஆண்டுத் தாமதம்

போரில் ஊனமுற்றவர்களுக்கு உதவித்தொகை தரும் தீர்மானத்தை அமெரிக்கக் காங்கிரஸ் 1776 ஆகஸ்டிலேயே நிறைவேற்றிவிட்டது. அதிகாரிகளுக்கு ஆயுள் முழுவதும் பாதிச் சம்பளம் என்று 1780-இல் வாக்குக் கொடுத்தார்கள். அதற்கு மக்களிடம் கடும் எதிர்ப்பு. அரசனை விரட்டிவிட்டு இங்கே ஒரு புதிய பிரபுக் கூட்டத்தை வளர்க்கிறீர்களா என்று கேட்டார்கள். கடைசியில் 1783-இல் ஐந்து ஆண்டு முழுச் சம்பளத்தோடு கணக்கை முடித்தார்கள். உடம்பில் காயமில்லாமல் வீடு திரும்பிய சாதாரணச் சிப்பாய்க்கு எதுவும் கிடையாது.

1818-இல், ஜேம்ஸ் மன்றோ அதிபராக இருந்தபோது, கதவு கொஞ்சம் திறந்தது. கான்டினென்டல் படையில் ஒன்பது மாதமாவது இருந்து, இப்போது வறுமையில் வாடுபவர் என்றால் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர், அதிகாரிக்கு 20 டாலர். அரசு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பேர் வந்து குவிந்துவிட்டார்கள். இவ்வளவு பேருமா ஏழை என்ற சந்தேகம் கிளம்பியது. 1820-இல் புதிய விதி: சொத்துப் பட்டியலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஜோசப் பிளம் மார்ட்டின் என்ற கான்டினென்டல் படைவீரர் தன் உடைமையாக இரண்டு பசு, ஆறு செம்மறியாடு, ஒரு பன்றி என்று எழுதிக்கொடுத்தார். ஏழு ஆண்டுகள் போரில் இருந்தவர் அவர். உடைந்த நாற்காலி வரைக்கும் விலை போட்டு எழுதிய பட்டியல்கள் உண்டு. பல கிழவர்களின் பெயர் அந்த ஆண்டு அடிக்கப்பட்டது.

இதிலெல்லாம் குடிப்படைக்காரருக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அவருக்கு வாசல் திறந்தது 1832 ஜூன் 7-ஆம் தேதிச் சட்டத்தில். அப்போது ஆண்ட்ரூ ஜாக்சன் அதிபர். நாட்டின் கடன் அநேகமாக அடைந்துவிட்டது. இறக்குமதி வரியால் கருவூலம் நிரம்பியிருந்தது. கொடுக்கப் பணம் இருந்தது, வாங்க மிச்சமிருந்தவர்கள் சிலரே. இப்படிப் பார்ப்பது கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கிறது. போர் தொடங்கியபோது 16 வயதுப் பையனாக இருந்தவருக்கே இப்போது 70 தாண்டிவிட்டது.

கணக்கு எளிது, அதில்தான் கண்ணி

1832 சட்டத்தின் பெரிய நன்மை, ஏழை என்று நிரூபிக்கத் தேவையில்லை என்பது. பசுவையும் பன்றியையும் எண்ண வேண்டியதில்லை. கான்டினென்டல் படை, மாநிலப் படை, குடிப்படை, தொண்டர் படை, கடற்படை, வேவுக்காரர் எல்லோருக்கும் ஒரே அளவுகோல்: எத்தனை மாதம் சேவை?

மொத்தம் இரண்டு ஆண்டு இருந்தால், அன்று வாங்கிய முழுச் சம்பளம் ஆயுள் முழுவதும். காலாட்படைச் சிப்பாய்க்கு அது ஆண்டுக்கு 80 டாலர். இரண்டு ஆண்டுக்குக் குறைவு என்றால் அதே விகிதத்தில் குறையும். ஆனால் ஆறு மாதமாவது இருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பல தவணைகளைக் கூட்டிக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு 20 டாலர். அதற்கு ஒரு நாள் குறைந்தாலும் சட்டப்படி பூஜ்யம்தான். 1831 மார்ச் 4-லிருந்து நிலுவையும் சேரும்.

இப்போது நம் கிழவரின் கணக்கைப் பார்ப்போம். பிறந்தது 1760. போர் தொடங்கியபோது குடும்பம் வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையில், ஹோல்ஸ்டன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்தது. 1776 கோடையில் செரோக்கிகள் தாக்கியபோது ஊரே கோட்டைக்குள் புகுந்தது. 16 வயதில் அவர் மூன்று மாதம் அங்கே காவல் நின்றார். 1780 செப்டம்பரில் வில்லியம் கேம்ப்பெல் ஆள் திரட்டியபோது சொந்தக் குதிரையில் சைகமோர் ஷோல்ஸ் போய்ச் சேர்ந்தார். ஐசக் ஷெல்பி, ஜான் செவியர் ஆட்களும் அங்கே கூடினார்கள். மலை தாண்டிப் போய் அக்டோபர் 7-ஆம் தேதி கிங்ஸ் மவுண்டன் குன்றில் பாட்ரிக் பெர்குசன் படையைச் சூழ்ந்து தோற்கடித்த கூட்டத்தில் இவரும் ஒருவர். போய் வர இரண்டு மாதம். 1781-இல் அப்பாவுக்கு வந்த அழைப்பில் பதிலாளாக மூன்று மாதம் எல்லைக் காவல்.

மூன்றும் இரண்டும் மூன்றும் எட்டு. 24 மாதத்துக்கு 80 டாலர் என்றால் எட்டு மாதத்துக்கு 26 டாலர் 66 சென்ட். தொடக்கத்தில் சொன்ன தொகை இப்படி வந்ததுதான்.

ஆனால் வாஷிங்டன் அலுவலகம் அந்த முதல் மூன்று மாதத்தை அடித்துவிட்டால் என்ன ஆகும்? மீதி ஐந்து மாதம். ஆறுக்குக் குறைவு. கிங்ஸ் மவுண்டனில் நின்றதும் சேர்ந்து காற்றில் போய்விடும்.

அந்த மூன்று மாதத்தை ஏன் அடிக்க வேண்டும்? மனுவோடு சேர வேண்டிய உறுதிமொழியில் அலுவலகம் எதிர்பார்த்த வாசகம் ஒன்று உண்டு. அதன் சாரம் இது: மனுதாரர் தகுந்த அதிகாரம் உள்ளவரால் அழைக்கப்பட்டு, முறைப்படி திரட்டப்பட்ட படையில், களத்திலோ கோட்டையிலோ பணியாற்றினார், அந்தக் காலத்தில் வேறு எந்தச் சொந்தத் தொழிலிலும் ஈடுபட்டிருக்கவில்லை.

அந்தக் கடைசிப் பகுதியை இன்னொரு முறை படியுங்கள். காலையில் துப்பாக்கி, மதியம் ஏர் என்று வாழ்ந்தவர் என்ன பதில் சொல்வார்? சோளம் விதைக்காமல் இருந்திருந்தால் கோட்டைக்குள் இருந்த குழந்தைகள் குளிர்காலத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். விதைத்ததோ அவர் தன் சொந்தக் கொல்லையில். உழும்போது துப்பாக்கி பக்கத்து மரத்தில் சாய்ந்திருந்தது. அது சேவையா, விவசாயமா? அலுவலகத்தின் பார்வையில், தன் வீட்டையும் தன் பெண்டு பிள்ளையையும் காத்துக்கொண்டது ராணுவச் சேவை ஆகாது. யார் கூப்பிட்டது, எந்தக் கேப்டன், எந்தக் கர்னலின் உத்தரவு என்று சொல்ல வேண்டும். தாக்குதல் நடந்த ராத்திரியில் உத்தரவுக்குக் காத்திருந்தவர் யார்?

அலுவலகத்தை முழு வில்லனாகச் சித்திரிக்கவும் எனக்கு மனமில்லை. எல்லைப்புறத்தில் அந்த ஆண்டுகளில் துப்பாக்கி தூக்காத ஆண் யார்? தற்காப்பை எல்லாம் சேவை என்று எண்ணினால், அங்கே வாழ்ந்த ஒவ்வொருவருக்கும் பென்ஷன் தர வேண்டியிருக்கும். எங்கேயாவது ஒரு கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கோடு எந்த இடத்தில் விழுந்தது என்பதில்தான் சண்டை. முழுநேரம் படையில் இருக்கிறவன்தான் வீரன் என்ற கிழக்குக் கரை வழக்கத்தை வைத்துக் கிழித்தார்கள்.

இன்னொரு கண்ணியும் உண்டு. விடுதலைப் போர் 1783-இல் முடிந்தது என்பது நமக்குத் தெரியும், வாஷிங்டன் அலுவலகத்துக்கும் தெரியும். கென்டக்கிக்காரரைக் கேட்டால் வேறு பதில் வரும். ஓஹாயோ ஆற்றங்கரைகளில் மோதல் 1794-இல் ஃபாலன் டிம்பர்ஸ் போர் வரை ஓயவில்லை. நம் கிழவர் 1784-இல் திருமணம் செய்துகொண்டு கென்டக்கிக்கு வந்தபிறகும் பலமுறை துப்பாக்கியோடு புறப்பட்டவர்தான். அதே எதிரி, அதே காடு, அதே பயம். 72 வயதில் நினைத்துப் பார்க்கும்போது 1782-இல் நடந்ததும் 1786-இல் நடந்ததும் ஒன்றோடு ஒன்று கலந்து வருகின்றன. ஆனால் 1783-க்குப் பிறகு நடந்தது இந்தச் சட்டத்தில் வராது. எத்தனையோ மனுக்கள் இந்த ஒரு காரணத்தால் விழுந்தன.

காகிதம் இல்லாதவர் என்ன செய்வார்?

பதிவேட்டைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். பதிவேடு எங்கே? போர்த் துறையின் அலுவலகம் 1800 நவம்பரில் தீப்பிடித்து எரிந்தது. 1814-இல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்கே தீ வைத்தது. கான்டினென்டல் படைக்கே பாதி ஏடுகள் கிடையாது என்றால், மலைக்கு அப்பால் இருந்த குடிப்படையின் கதையைச் சொல்லவே வேண்டாம். அங்கே பல கேப்டன்கள் பெயர்ப் பட்டியல் எழுதியதே இல்லை. எழுதியவர்களும் அதை எந்தப் பெட்டியில் போட்டார்களோ.

அதனால் அரசு ஒரு மாற்று வழி வைத்தது. மனுதாரர் தன் கதையை நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். நடக்க முடியாதவராக இருந்தால் நீதிபதி வீட்டுக்கு வந்தும் கேட்கலாம். கேட்க வேண்டிய ஏழு கேள்விகளைப் போர்த் துறை அச்சடித்து அனுப்பியிருந்தது. எங்கே, எந்த ஆண்டு பிறந்தீர்கள்? வயதுக்குப் பதிவு இருக்கிறதா? அழைக்கப்பட்டபோது எங்கே குடியிருந்தீர்கள், பிறகு எங்கெல்லாம் இருந்தீர்கள்? தாமாகப் போனீர்களா, முறைப்படி எடுக்கப்பட்டீர்களா, பதிலாளா? உங்களோடு இருந்த அதிகாரிகள் யார், எந்தப் படைப்பிரிவுகள்? விடுவிப்புச் சீட்டு வாங்கினீர்களா, அது எங்கே? கடைசியாக, உங்கள் நாணயத்துக்கும் நீங்கள் படையில் இருந்ததாக நிலவும் நம்பிக்கைக்கும் சாட்சி சொல்லக்கூடிய அக்கம்பக்கத்தவர் யார்?

ஏழாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. கூடப் போரிட்டவர் உயிரோடு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், 'இவர் புரட்சிப் போர் வீரர் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள்' என்று ஒரு போதகரும் ஒரு பக்கத்து வீட்டுக்காரரும் சொன்னால் அதற்கும் மதிப்பு உண்டு. ஊர்ப் பேச்சை அரசு ஆவணமாக ஏற்றுக்கொண்டது. நாற்பது ஆண்டுகளாகத் திண்ணையில் சொன்ன கதை, பட்டணத்து அலுவலகத்தில் செல்லுபடியாகும் காலம் வந்தது.

விடுவிப்புச் சீட்டு பற்றிய கேள்விக்கு வரும் பதில்கள் படிக்கப் படிக்க மனதைப் பிசையும். தொலைந்தது என்பார், வீடு எரிந்தபோது போனது என்பார், இதற்கு ஒரு நாள் மதிப்பு வரும் என்று தெரியாததால் வைத்துக்கொள்ளவில்லை என்பார். பலருக்கு அப்படி ஒரு சீட்டைக் கொடுத்ததே இல்லை. தவணை முடிந்தது, வீட்டுக்குப் போ என்று கேப்டன் வாயால் சொன்னார், போனார்கள்.

எழுத்தர் எழுதி அனுப்பிய வாக்குமூலத்தை வாஷிங்டனில் ஜேம்ஸ் எல். எட்வர்ட்ஸ் என்பவரின் அலுவலகம் பரிசீலித்தது. பென்ஷன் ஆணையர் அவர். கிழவர் சொல்லும் கர்னல் அந்த ஆண்டு அந்தப் பகுதியில் இருந்தாரா, அந்தப் படையெடுப்பு நடந்ததா என்று தெரிந்த தகவலோடு ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் கடிதம் திரும்பி வரும்: ஒவ்வொரு தவணைக்கும் தேதி, கால அளவு, கேப்டன் பெயர் எல்லாம் தனித்தனியாகச் சொல்லவும். கிழவர் மறுபடி நீதிமன்றம் போவார். மறுபடி சத்தியம். வயதாகி நினைவு மங்கிவிட்டதால் திட்டமாகச் சொல்ல இயலவில்லை என்ற வாக்கியம் இந்தக் கோப்புகளில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி மாளாது.

நம் கிழவர் தப்பிப்பது இங்கேதான். 1776 கோடைக் காவலைப் பற்றி, எந்தக் கேப்டனின் கீழ் நின்றார், அந்தக் கேப்டனை யார் நியமித்தார், தன் முறை தவிர மற்ற நேரத்தில் கோட்டையை விட்டு வெளியே போக அனுமதி இருந்ததா என்று விளக்கி, உடன் நின்ற ஒருவரின் சாட்சியத்தையும் சேர்த்து அவர் இரண்டாவது வாக்குமூலம் அனுப்புகிறார். அந்த வழியைச் சொல்லிக்கொடுத்தவர் ஊரில் பென்ஷன் வேலை பார்க்கும் ஒரு தரகர். கிடைக்கும் நிலுவையில் ஒரு பங்கு அவருக்கு. எந்த நாட்டிலும் அரசு அலுவலக வாசலில் இப்படி ஒருவர் நிற்கத்தான் செய்வார்.

தரகர்கள் இருந்தால் பொய்யும் வரும். இன்றைய மேற்கு வர்ஜீனியாப் பகுதியில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற மனுக்கள் வந்ததும் சந்தேகம் எழுந்தது. வாஷிங்டன் ஜி. சிங்கிள்டன் என்ற அரசு வழக்கறிஞரை 1834-இல் விசாரிக்க அனுப்பினார்கள். அவர் ஊர் ஊராகப் போய்ப் பென்ஷன் வாங்கும் கிழவர்களை நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். பலருடைய பென்ஷன் நின்றது. போரில் இருந்தே இராதவர்கள் சிலர் மாட்டினார்கள். உண்மையிலேயே எல்லையில் நின்ற கிழவர்களும் மாட்டினார்கள். தரகர் எழுதிக்கொடுத்ததும் தாம் சொன்னதும் வேறு வேறாக இருந்ததே அவர்கள் செய்த குற்றம்.

கிழவர்கள் சொன்னவை

பென்ஷனுக்காகச் சொன்ன கதை என்றால் வீரப் பிரதாபமாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. வட கரோலினாக் குடிப்படையைச் சேர்ந்த காரெட் வாட்ஸ் 1780 ஆகஸ்ட் 16-ஆம் தேதி காம்டன் போரில் நின்றவர். அன்று தன் துப்பாக்கிதான் முதலில் வெடித்தது என்று நினைக்கிறேன் என்கிறார். அதுவும் உத்தரவை மீறி. எதிரே நின்றவன் என்னைக் கொன்றுவிடக் கூடாதே என்பதைத் தவிர வேறெதையும் யோசிக்காமல் சுட்டுவிட்டேன் என்கிறார். அடுத்த மூச்சிலேயே, முதலில் ஓடியவர்களில் நானும் ஒருவன் என்று ஒப்புக்கொள்கிறார். பென்ஷன் கேட்கும் மனுவில்! மாதக் கணக்கைச் சொன்னால் போதும், ஓடியதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. சத்தியம் செய்துவிட்டோம் என்பதாலா, ஐம்பது ஆண்டாக உறுத்தியதாலா, தெரியவில்லை.

விதவைகளுக்கு 1836-இல் வாசல் திறந்தபோது சாரா ஆஸ்போர்ன் என்ற பாட்டி வந்தார். 1781-இல் யார்க்டவுன் முற்றுகையில், பதுங்கு குழிகளில் இருந்த வீரர்களுக்கு மாட்டிறைச்சியும் ரொட்டியும் காபியும் கொண்டுபோய்க் கொடுத்தவர். வழியில் வாஷிங்டனே எதிர்ப்பட்டு, பீரங்கிக் குண்டுக்குப் பயமில்லையா என்று கேட்டாராம். குண்டு தூக்குமரத்தை ஏமாற்றாது (தூக்கில் சாக வேண்டியவரைக் குண்டு கொல்லாது என்று வேடிக்கையாகச் சொல்வது), ஆண்கள் சண்டையும் போட்டுப் பட்டினியும் கிடந்தால் எப்படி என்று இவர் பதில் சொன்னாராம். 1837-இல் சத்தியம் செய்து சொன்னது இது. கணவரின் சேவைக்குச் சாட்சி சொல்ல வந்தவர், தன் சேவையையும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கோப்புகள் சுமார் 80,000. ஆவணக் காப்பகம் அவற்றைப் படமெடுத்தபோது 2,670 நுண்படச் சுருள்கள் ஆயின. ஒவ்வொரு கோப்பின் எண்ணுக்கும் முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'எஸ்' என்றால் பென்ஷன் வாங்கிய வீரர், 'டபிள்யூ' என்றால் விதவை, 'ஆர்' என்றால் நிராகரிக்கப்பட்டது. எல்லைப்புற வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு நான் சொல்வது, 'ஆர்' கோப்புகளில் தொடங்குங்கள் என்பதுதான். நம்பப்படாதவர் இன்னும் விரிவாகச் சொல்வார், மறுபடியும் சொல்வார். ஏற்றுக்கொள்ளப்பட்டவர் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்வார்.

நம் கிழவருக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. மார்ச் 4, செப்டம்பர் 4 என்று ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 13 டாலர் 33 சென்ட். 1835-இல் அவர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்த நாள் வரைக்குமான பாக்கியைக் குடும்பம் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் மனைவிக்கு எதுவும் இல்லை. 1836 சட்டத்தில், கணவர் படையில் இருந்து விடுபடுவதற்கு முன்பே திருமணம் ஆகியிருக்க வேண்டும்; இவர்களுக்கு ஆனதோ 1784-இல். 1838 ஜூலையில் இன்னொரு சட்டம் வந்தது. 1794-க்கு முன் திருமணம் ஆனவர்களுக்கு ஐந்து ஆண்டு பென்ஷன்.

இப்போது பாட்டி நீதிமன்றத்தில் நிற்கிறார். கணவரின் சேவை ஏற்கெனவே நிரூபணமாகிவிட்டது. திருமணத்தை நிரூபிக்க வேண்டும். மணம் செய்துவைத்த போதகர் இறந்து வெகுகாலம் ஆயிற்று. பதிவு எதுவும் இல்லை. வீட்டில் ஒரு குடும்ப பைபிள் இருக்கிறது. அதன் நடுவில் இருந்த வெற்றுப் பக்கத்தில் திருமண நாளும் ஒன்பது பிள்ளைகளின் பிறந்த நாட்களும், அவற்றில் மூன்றின் எதிரே இறந்த நாட்களும் எழுதியிருக்கின்றன. அந்தத் தாளைக் கிழித்து மனுவோடு இணைக்கச் சொல்கிறார் எழுத்தர். பாட்டி கிழித்துக் கொடுக்கிறார். இப்படிக் கிழிக்கப்பட்ட பைபிள் தாள்கள், மடித்த தடம்கூட மாறாமல், இன்றும் வாஷிங்டன் காப்பகத்துக் கோப்புகளுக்குள் இருக்கின்றன.